லயத்தின் பின்புறம்

நுவரெலியா என்றதும் பெரும்பாலோர் மனக்கண்ணில் எழுவது சித்திரை மாதமே. மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் வாகன நெரிசலுமாக நகர் கோலாகலம் கொள்ளும் அந்நாட்களைப் பத்திரிகைகள் 'வசந்த காலம்' என்று வருணிக்கின்றன. ஆயின் அந்நகருக்கு இன்னொரு பருவமும் உண்டு. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மார்கழியின் இறுதி நாட்களில் வானம் வெளுத்து, தையும் மாசியுமாக நீளும் அப்பருவத்தில், பகலில் கண்கூசும் வெயிலும் இரவில் எலும்பைத் துளைக்கும் குளிரும் மாறி மாறி வரும். விடுமுறைக் கூட்டம் கலைந்தபின் வாவிக்கரை வெறிச்சோடிக் கிடக்கும். ஓசையற்ற அந்தப் பருவத்தைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன். என்னை அதன்பால் திருப்பியது ஒரு சிறிய அவமானம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்குக் காலநிலையியல் கற்பித்த விரிவுரையாளர் ஒருநாள் உறைபனி பற்றிப் பேசத் தொடங்கினார். இலங்கையில் உறைபனி விழும் இடங்கள் மிகச் சில என்றும், அவற்றுள் நுவரெலியா ஒன்று என்றும் கூறியவர், அவ்வூரிலிருந்து வந்தவர் யாரும் வகுப்பில் உண்டா என வினவினார். நான் எழுந்து நின்றேன். கிரகரி வாவிக்கரையில் உறைபனி படிந்த ஒரு காலையை மற்றவர்களுக்கு விவரிக்கும்படி பணித்தார். சற்று நேரம் யோசித்துவிட்டு, "விடியற்காலையில் மிகவும் குளிராக இருக்கும், சேர்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார்.

சிரித்தவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றிரவு விடுதியில் உறக்கம் வரவில்லை. எங்கள் லயத்திலிருந்து வாவிக்கு அரைமணி நேர நடை. பள்ளிக்கூடக் காலம் முழுவதும் அதன் கரையால் போய்வந்தவள் நான். அதன் நீர் காலையில் என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. காரணம் இல்லாமலில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குக் காலை என்பது எதையும் நின்று பார்ப்பதற்குரிய நேரமன்று. பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ரொட்டி சுட வேண்டும். அம்மா பெரட்டுக்குப் புறப்படுமுன் அவளது படங்கையும் கூடையையும் எடுத்து வைக்க வேண்டும். பிறகு பாடசாலைக்கு ஓட வேண்டும். இந்த நியாயத்தை எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. விஞ்ஞான பீடத்துத் தோழி ஒருத்தியிடம் தொலைநோக்குக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, மார்கழி விடுமுறைக்கு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

போகுமுன் நூலகத்தில் ஒரு நூலைத் தேடிப் படித்துக் குறிப்பெடுத்திருந்தேன். ஜி. எம். ஹென்றி என்பார் எழுதி 1955 இல் வெளிவந்த, இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கில நூல் அது. படங்களையும் அவரே வரைந்திருக்கிறார். அவரைப் பற்றி அறிந்த ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. எங்கள் ஊருக்கு அயலிலுள்ள கந்தப்பளையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், 1891 இல் பிறந்தவர் அவர். தோட்டத்தை நிர்வகித்தவரின் மகன். அதாவது, நாங்கள் பார்க்கும் அதே மலைகளைப் பார்த்து வளர்ந்தவர். ஆனால் பார்த்தது பங்களாத் தாழ்வாரத்திலிருந்து. பொறாமையால் சொல்லவில்லை. அந்த நூலைப் போல் அன்போடும் பொறுமையோடும் எழுதப்பட்ட நூல்கள் குறைவு. அதே ஆண்டில் அதே மலையின் லயத்துக் காம்பராவில் பிறந்த ஒரு பிள்ளையின் கண்ணிலும் அந்தப் பறவைகள் பட்டிருக்கும் அல்லவா என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டு அகலவில்லை. அந்தப் பிள்ளை கண்டதெல்லாம் எங்கே போயிற்று?

எங்கள் லயத்தின் முன்புறம் எல்லோரும் அறிந்ததுதான்: இஸ்தோப்பு, கொடியில் தொங்கும் கம்பளி, எதிரே தேயிலை. பின்புறத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அங்கே ஒரு கான் ஓடுகிறது. அதற்கப்பால் சிறு மேடு. மேட்டின்மேல் வயது சென்ற பேரிமரம் ஒன்றும், இரண்டு மரத்தக்காளிச் செடிகளும், எக்காளம் போன்ற வெள்ளைப் பூக்களைத் தலைகீழாகத் தொங்கவிடும் மர ஊமத்தையும், இவற்றை எல்லாம் பின்னிப் பிணைத்துக்கொண்டு உண்ணிச்செடிப் புதரும். ஓர் ஆள் நுழைய முடியாத அடர்த்தி. மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். பாம்பு உண்டென்று அம்மா சொல்லுவாள். நான் சிறுமியாக இருந்தபோது பந்து அதற்குள் விழுந்தால் விழுந்ததுதான்.

அப்பாயியின் இடம் பின்வாசற்படி. முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்த உடம்பு அவளுடையது. விரல் நுனிகளில் படிந்த தேயிலைக் கறை இன்னும் போகவில்லை. காலையில் சாயத்தண்ணீர்க் கோப்பையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, கம்பளியைத் தலையோடு போர்த்தி, வெயில் கான்வரை வரும் மட்டும் அங்கேயே அமர்ந்திருப்பாள். முதல் நாள் நான் கண்ணாடியோடும் குறிப்புப் புத்தகத்தோடும் அவள் பக்கத்தில் போய் அமர்ந்தபோது ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னா தாயி, படிப்பா?"

"ஆமா அப்பாயி. குருவி பாக்கப் போறேன்."

"அதுக்கு என்னாத்துக்குக் கண்ணாடி? சும்மா உக்காரு. அதுவா வரும்."

அவள் சொன்னது முற்றிலும் உண்மை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது. கண்ணாடியைத் தூக்கி, குவியத்தைச் சரிசெய்து, புதரில் ஓர் இலையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கையில் பறவை வேறெங்கோ போய்விடும். அவள் அசையாதிருப்பாள், எல்லாம் அவளிடம் வரும். முதலில் வருபவை வெள்ளைக்கண்ணிகள். கண்ணைச் சுற்றி வெண்வளையம் இட்ட அந்தச் சிறு குருவிகள் பத்துப் பதினைந்தாய்க் கூடிவந்து பேரிமரத்தின் இலைக்கு இலை பூச்சி தேடி, ஒன்றையொன்று அழைத்துக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போகும். அப்பாயி அவற்றைப் 'பெரட்டுக் குருவி' என்றாள். ஏனென்று கேட்டேன். "கூட்டமா வந்து, பேரு குடுத்துட்டு, கூட்டமா போயிரும்" என்றாள். அடுத்து காதோரம் மஞ்சள் இறகு நீட்டிய மலைக் கொண்டைக்குருவி மரத்தக்காளியைக் கொத்த வரும். இந்நாட்டின் மலைப்பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. முதுகில் மங்கிய கோடுகள் கொண்ட கருநிற அணில் ஒன்று, கானைத் தாண்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே தாண்டும். சாம்பல் முதுகும் மஞ்சள் வயிறுமாய் வாலாட்டிக்குருவி கானின் கல்லில் நின்று வாலை ஆட்டிக்கொண்டேயிருக்கும். மாலையில், இருள் கவியும் நேரத்தில், புதருக்கடியில் ஆறுமணிக்குருவி இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். மயில் தன் பட்டாடையைத் திருடிவிட்டதென்று அது முறையிடுவதாகச் சிங்கள மக்களிடையே ஒரு கதை உண்டு. அப்பாயிக்கு அந்தக் கதை தெரியாது. பங்குனியோடு நின்றுபோகும் மணிக்கூடு என்பதே அவள் அதற்குத் தந்த இலக்கணம்.

மூன்றாம் நாட் காலைதான் அதைக் கண்டேன். அடைக்கலக்குருவியிலும் சிறியது. முதுகு சாம்பல். தொண்டையும் மார்பும் செங்காவி நிறம்; அந்தச் செம்மையின் இரு ஓரங்களிலும் கரிக்கோடு இழுத்தாற்போல் கறுப்பு. புதரின் தாழ்ந்த கிளையொன்றில் வந்தமர்ந்து, வாலைச் சட்டென உயர்த்தி, ஒரு பூச்சியைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பியது. குறிப்புகளைப் புரட்டும்போது என் கை நடுங்கியது, குளிரால் மட்டுமன்று. அது காஷ்மீர் ஈப்பிடிப்பான். இமயமலையின் வடமேற்கே, காஷ்மீரத்துக் காடுகளில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இந்தியாவின் நீளத்தையெல்லாம் கடந்து இலங்கையின் மலைநாட்டுக்கு வருவது. ஐப்பசியை ஒட்டி வந்து பங்குனி இறுதிவரை தங்கும். உலகில் அதன் தொகை குறைந்து வருவதால், அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதைக் காண்பதற்காகவே வெளிநாட்டார் காசு செலவழித்து வந்து நகரின் விக்டோரியா பூங்காவில் காத்து நிற்கிறார்கள். அது எங்கள் லயத்தின் கழிவுக்கானோரம் ஈப் பிடித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அப்பாயிக்கு மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

"வெத்தலை போட்ட குருவியவா சொல்றே? அது வருஷா வருஷம் வர்றதுதானே. உங்க தாத்தா செத்த வருஷம் காரியம் நடக்கையிலயும் இந்தக் கொப்புலதான் குந்தியிருந்துச்சு."

வெற்றிலைச் சாறு வழிந்த மார்பு. அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் பேராசிரியராலும் இட முடியாது. குறிப்புப் புத்தகத்தில் ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன்.

குளிர்காலத்தில் அது வேறெங்கும் போகுமா என்று கேட்டாள். தென்னிந்தியாவில் நீலகிரி மலையிலும் சில தங்குவதாகப் படித்ததைச் சொன்னேன். மென்று கொண்டிருந்த வாய் நின்றது. அவளுடைய தங்கை, எனக்குச் சின்ன அப்பாயி, நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறாள். 1964 இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க இணங்கியது. அந்தக் கணக்கில் ஒருத்தியாக, 1973 இல், கணவனோடும் கைக்குழந்தையோடும் தலைமன்னாருக்கு ரயிலேறியவள் அவள். மலைநாட்டு நிலையங்களிலிருந்து கிளம்பிய அந்த ரயில்களை நம்மவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள். அங்கும் அவளுக்குக் கிடைத்தது தேயிலைத் தோட்டமே. இப்போது இரண்டு பேரும் கைத்தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். அன்று மாலை அண்ணனின் தொலைபேசியில் அப்பாயி அவளை அழைத்து, அங்கே வெற்றிலை போட்ட குருவி வருகிறதா என்று விசாரித்தாள். மறுமுனையில் சின்ன அப்பாயி போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "குருவிய யாருக்கா பாத்தா? இங்க காட்டெருமை வாசல்ல வந்து நிக்குது!" அப்பாயி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு வெகு காலம்.

இவ்விடயத்தைப் பின்னர் விடுதித் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது, உடனே கவிதை எழுதச் சொன்னாள்: வலசை போகும் பறவையும் நாடு கடத்தப்பட்ட மக்களும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த உவமை பறவைக்கும் பொருந்தாது, சின்ன அப்பாயிக்கும் பொருந்தாது. பறவை தன் விருப்பில் வருகிறது, தன் விருப்பில் திரும்புகிறது; யாரும் அதற்கு விண்ணப்பப் பத்திரம் கொடுத்து, கைநாட்டு வாங்கி, ஒருவழிப் பயணத்துக்கு நாள் குறிப்பதில்லை. இருவரும் ஒரே மலையில் இருக்கிறார்கள் என்பதற்காக அவர்களை ஒரே வரியில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

வாவிக்கு வருகிறேன். பொங்கலுக்கு முந்திய வாரத்தில் ஏழெட்டு விடியல்களை அதன் கரையில் கழித்தேன். மலையடிவாரத்துச் சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் ஓடையை மறித்து, ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873 இல் அமைக்கப்பட்ட வாவி அது. ஆளுநரின் பெயர் நிலைத்துவிட்டது. மண் சுமந்தவர்களின் பெயரைக் கரையில் எங்கும் நான் காணவில்லை. பகலில் படகுகளும் குதிரைச் சவாரியும் சோளம் அவிக்கும் வண்டிகளும் நிறைந்திருக்கும் இடம், விடியலில் வேறொன்றாக இருக்கும். நீர் காற்றை விடச் சூடாயிருப்பதால் வாவி முழுவதும் ஆவி எழும். அந்த ஆவிக்குள்ளிருந்து நீர்க்காகங்கள் கறுப்பு முளைகள்போல் ஒவ்வொன்றாகத் தோன்றும். ஒன்று மூழ்கினால் அது எங்கே எழும் என்று ஊகித்துப் பார்ப்பேன், ஒருமுறைகூடச் சரிவரவில்லை. சவாரிக் குதிரைகள் இரவில் அவிழ்த்துவிடப்பட்டு, மயிரெல்லாம் சிலிர்த்து, ஒன்றன் கழுத்தில் ஒன்று தலை சாய்த்து நிற்கும். கரைப்புல்லில் கானாங்கோழி ஒன்று வாலை உயர்த்தி அடிமேல் அடி வைத்து நடக்கும். நீரின் நிறத்தையும் இப்போது சொல்வேன்: சூரியன் எழும்வரை ஈயம், எழுந்ததும் சிறிது நேரம் நீர்த்த தேநீர், அதன் பிறகு வானம் எதுவோ அது.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அதை விட்டால் இக்கட்டுரையில் உண்மையில்லை.

ஒருநாள் மாலை வானம் ஒரு துளி முகிலின்றி இருந்தது. காற்று அசையவில்லை. அப்பாயி பின்வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு விழும்" என்றாள். வகுப்பில் படித்ததும் அதுவே. முகிலிருந்தால் அது நிலத்துக்குப் போர்வையாகும். முகிலில்லாத இரவில் நிலம் பகலில் பெற்ற வெப்பத்தைத் தடையின்றி வானத்துக்கு இழக்கும். காற்றும் அடங்கினால் நிலத்தைத் தொட்டிருக்கும் காற்றுப் படை குளிர்ந்து பாரமாகி, சரிவு வழியே மெல்ல வடிந்து பள்ளங்களில் தேங்கும். ஆளுயரத்தில் உறைநிலைக்கு மேலே வெப்பம் இருக்கும்போதே புல்நுனியில் நீர் உறையும். ஆகவே மேட்டுத் தேயிலை தப்பும். பள்ளத்துத் தேயிலை கருகும். நான் இரண்டு விரிவுரைகளில் கற்ற இதை அப்பாயி ஒரு வாக்கியத்தில் சொன்னாள்: "குளிரும் தண்ணி மாதிரிதான் தாயி, பள்ளத்தத்தான் தேடும்."

அண்ணன் வாவிக்குப் போகும் வழியில் ஒரு பள்ளத்தில் சிறு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டிருந்தான். தோட்டத்து வேலையில் வரும் பணம் வீட்டுக்கு. மரக்கறியில் வரும் பணம் என் விடுதிக்கு. இந்தக் கணக்கு எங்கள் வீட்டில் பேசப்படுவதில்லை, எல்லோருக்கும் தெரியும். உறைபனி விழுந்தால் சூரியன் எழுமுன் செடிகள்மீது தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும். வெயில் படும்வரை விட்டால் இலை வெந்தாற்போல் கறுத்துவிடும். "நாலரைக்கு வந்துரு தங்கச்சி. ரெண்டு பேருன்னா முடிச்சிறலாம்" என்றான். வருகிறேன் என்றேன்.

நான்கு மணிக்கு எழுந்தேன். வெளியே நிலவொளியில் புல்லெல்லாம் வெண்மையாகத் தெரிந்தது. ஆண்டுக்குச் சில நாட்களே கிடைக்கும் காட்சி. வகுப்பில் விவரிக்க முடியாமற்போன காட்சி. வாவியை ஒரு முறை பார்த்துவிட்டு வந்துவிடலாம், சூரியன் எழ இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கண்ணாடியை எடுத்துக்கொண்டு அண்ணனின் நிலத்துக்குப் பிரியும் ஒற்றையடிப் பாதையைத் தாண்டி நேரே போனேன்.

கரையை நான் எப்படி வருணிப்பேன்? ஒவ்வொரு புல்லும் தனித்தனியே உப்பில் தோய்த்தெடுத்தாற்போல் நின்றது. மிதித்தால் காலடியில் நொறுங்கும் ஓசை. குதிரைகள் படுத்தெழுந்த இடங்கள் மட்டும் பச்சையாக, அவற்றின் உடல் வடிவிலேயே. சிலந்திவலை ஒன்று வேலிக்கம்பியில் வெள்ளை நூலாகத் தொங்கியது. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார் தட்டில் பனியைச் சுரண்டி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். ஒருவர் என்னிடம் தமது கைத்தொலைபேசியைத் தந்து படமெடுத்துத் தரும்படி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன். கிழக்கு மலையின் விளிம்பில் ஒளி தோன்றியபோதுதான் எனக்கு அண்ணனின் நினைவு வந்தது.

ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தின் மேற்குப் பாதியில் வெயில் விழுந்திருந்தது. பூவாளியோடு அண்ணன் குனிந்து நின்றான். கிழக்குப் பாதியை அவன் நனைத்து முடித்திருந்தான். மற்றப் பாதியில் பனி உருகிச் சொட்ட, அதன் கீழே இலைகள் கரும்பச்சையாய்த் துவண்டிருந்தன. மாலைக்குள் அவை கறுத்துவிட்டன. அவன் ஏசவில்லை. என் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் பார்த்தான். "பாத்தியா?" என்று மட்டும் கேட்டான். குத்தலாகக் கேட்டானா, உண்மையாகவே கேட்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா மாலையில் வந்து, ஏழாம் நம்பர் மலையின் அடிப்பகுதி முழுவதும் கருகிவிட்டதென்றாள். துளிர் மீண்டும் வரும்வரை அங்கே பறிக்க ஒன்றுமில்லை. கவ்வாத்து வெட்ட வேண்டியும் வரலாம். நாட்கூலிக்காரருக்கு அதன் பொருள் கிடைக்கும் 'பேர்' குறையும் என்பது. பத்திரிகையில் அடுத்த நாள் வாவிக்கரை உறைபனியின் அழகிய வண்ணப்படம் வந்திருந்தது.

பொங்கல் முடிந்த மறுநாள் காலை, அண்ணன் கத்தியும் மண்வெட்டியுமாகப் பின்புறத்துக்கு வந்தான். உண்ணிப் புதரை வெட்டி நான்கு பாத்தி எடுத்து லீக்ஸ் நடப்போவதாகச் சொன்னான். லீக்ஸ் பனியைத் தாங்கும். அதற்கு மேல், இது மேடு; பனியே விழாது. கிழங்கில் போனதை இதில் எடுக்கலாம். அவனது கணக்கில் ஒரு பிழையுமில்லை. நுண்காலநிலை பற்றி என் விரிவுரையாளர் அவனுக்கு முழுப் புள்ளிகள் கொடுத்திருப்பார்.

"அண்ணா, அந்தக் குருவி அங்கதான் இருக்கு" என்றேன்.

அவன் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே, "இருக்கட்டும்" என்றான். சிறிது நேரம் கழித்து, "காஷ்மீர்லருந்து இம்புட்டுத் தூரம் வரத் தெரிஞ்சதுக்குப் பக்கத்துப் புதருக்குப் போகத் தெரியாதா?" என்றான்.

எனக்கு விடை இருந்தது. இத்தகைய பறவைகள் ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பி, அந்தச் சிறு எல்லையைத் தம் இனத்தவரிடமிருந்தும் சண்டையிட்டுக் காப்பவை. பக்கத்துப் புதரில் வேறொன்று இருக்கும். ஆனால் அதைச் சொல்ல என் வாய் எழவில்லை. பாதிக் கிழங்கைக் கருகவிட்டவள் மீதிக்கு என்ன வாதாடுவது? அவன் கேளாமற் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்றும் இருந்தது: உன் விடுதிக்குக் காசு அனுப்புவது எந்தக் குருவி?

அப்பாயி படியிலிருந்து எழாமலே பேசினாள். "நாலு பாத்தி என்னாத்துக்கு? மூணு எடு. பேரி மரத்தடியிலயும் கானோரமும் விட்டுரு. பங்குனியில அது போயிரும். போனப்புறம் அதையும் வெட்டிக்க."

"அப்ப நாத்து முத்திப் போயிரும் அப்பாயி."

"முத்துனா புதுசா போடு."

அவன் அவளையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். பிறகு வெட்டத் தொடங்கினான். நானும் போய் வெட்டியதை இழுத்துப் போட்டேன். உண்ணிச்செடியின் முள் கையெல்லாம் கிழித்தது. உள்ளே நான் சிறுவயதில் தொலைத்த பந்துகளில் ஒன்று, நிறம் வெளுத்து, பாதி மண்ணுக்குள் கிடந்தது. மாலைக்குள் மூன்று பாத்திகள் எழுந்தன. பேரிமரத்தைச் சுற்றி, கானை ஒட்டி, இரண்டு பாய் அகலத்துக்குப் புதர் மிஞ்சியது. அப்பாயி சொன்னதற்காகவா, இருட்டிவிட்டதற்காகவா அவன் அவ்வளவில் நிறுத்தினான் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் பின்வாசலில் அமர்ந்தோம். பெரட்டுக் குருவிகள் வழக்கம்போல் வந்து பேர் கொடுத்துவிட்டுப் போயின. கிளறிய ஈரமண்ணில் வாலாட்டிக்குருவி இரண்டு, எங்களை ஒரு பொருட்டாக மதியாமல் புழு பொறுக்கின. வெற்றிலை போட்ட குருவி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் எனக்குப் பல்கலைக்கழகம் தொடங்கியது. றம்பொடை வழியாக இறங்கும் பஸ்ஸில் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு கண்டிவரை வந்தேன். ஒரு முறைகூட வெளியே எடுக்கவில்லை.

மாசி நடுவில் ஒருநாள் அண்ணனின் தொலைபேசியில் அப்பாயி பேசினாள். லீக்ஸ் நாற்று வேர்பிடித்துவிட்டதாம். ஏழாம் மலையில் துளிர் காண்கிறதாம். நீலகிரியிலும் இம்முறை பனி கடுமையாக விழுந்து தேயிலை கருகியதென்று சின்ன அப்பாயி சொன்னாளாம். தன் இருமலைப் பற்றியும் நெடுநேரம் சொன்னாள். நான் கேட்க நினைத்ததைக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். இடையில் அண்ணன் தொலைபேசியை வாங்கி, அனுப்பிய காசு கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது என்றேன். மீண்டும் அப்பாயியின் குரல்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் தாயி. ரெண்டு நாளா பேரி மரத்துப் பக்கம் சத்தம் கேக்குது. கண்ணுலதான் படல."